பங்கு இல்லாத மறைமாவட்டம்: சால்ஃபோர்டின் மிஷன் ஏடுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

மான்செஸ்டரில் 1815 வாக்கில் பிறந்த ஒரு கத்தோலிக்கக் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் குடியிருந்த தெரு தெரியும். தெருவுக்குப் பக்கத்திலேயே லிவ்சி தெருவின் புனித பேட்ரிக் கோயில் இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்டால், கோயில் வந்ததே 1832இல்தான் என்று பதில் வரும். பதிவே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு தேடுகிறவர் திரும்பிவிடுவார். பதிவு பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் வேறொரு கோயிலின் பெயரில்.

தவறு தேடுபவரின் அவசரத்தில் இல்லை. ‘பங்கு’ என்ற சொல்லை அது செல்லாத இடத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. எல்லை வகுத்த பங்கு, அதற்கொரு பங்குத்தந்தை, அவரிடம் ஒரு வரிசை ஏடுகள் என்ற ஏற்பாடு இங்கிலாந்தின் கத்தோலிக்கரிடையே 1918 வரை சட்டப்படி கிடையாது. இருந்தவை மிஷன்கள், அதாவது எல்லை வகுக்காத மறைபரப்பு நிலையங்கள். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் ரோமாபுரி இங்கிலாந்தை மறைபரப்பு நாடாகவே நடத்தியது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் பொறுப்பாக இருந்த அதே விசுவாசப் பரப்புதல் பேராயம்தான் இதற்கும் பொறுப்பு. 1908 ஜூன் 29 அன்று பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையால்தான் இங்கிலாந்து அந்தப் பேராயத்தின் கையிலிருந்து விடுபட்டது. 1918இல் புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது மிஷன்கள் பங்குகளாயின. அதற்கு முந்திய எந்த ஏட்டையும் பங்கு ஏடாக எண்ணித் திறந்தால் முதல் பக்கத்திலேயே வழி தவறும்.

மறைமாவட்டம் என்பதே தாமதமாக வந்த அமைப்பு. 1688இல் நாடு லண்டன், மிட்லண்ட், வடக்கு, மேற்கு என நான்கு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அப்போஸ்தலிக்க விகாரி, அதாவது திருத்தந்தையின் பெயரில் ஆளும் ஆயர், அமர்த்தப்பட்டார். மான்செஸ்டர் அடங்கிய லங்காஷயர் கவுண்டி வடக்கு மாவட்டத்தில் இருந்தது. 1840இல் நான்கு எட்டானபோது லங்காஷயருக்குத் தனி மாவட்டம் கிடைத்தது. செஷயரும் மான் தீவும் அதில் சேர்ந்தன. 1850 செப்டம்பர் 29 அன்று ஒன்பதாம் பத்திநாதர் ஆயர் ஆட்சியை மீட்டபோது வெஸ்ட்மின்ஸ்டர் உயர்மறைமாவட்டமும் அதன்கீழ் 12 மறைமாவட்டங்களும் உருவாயின. அவற்றுள் ஒன்று, மான்செஸ்டரும் அடங்கிய சால்ஃபோர்டு. லங்காஷயரின் சால்ஃபோர்டு, பிளாக்பர்ன் ஆகிய இரண்டு ‘ஹண்ட்ரட்’ பகுதிகள் (கவுண்டியின் பழைய உட்பிரிவுகள்) அதன் எல்லை. முதல் ஆயர் வில்லியம் டர்னர் 1851 ஜூலை 25 அன்று அபிஷேகம் பெற்றார்.

ஆகவே இன்று சால்ஃபோர்டு எல்லைக்குள் இருக்கும் ஓர் ஊரின் ஆவணங்கள் மூன்று ஆட்சிகளின் காகிதங்களில் சிதறிக் கிடக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. தங்கள் ஊரில் சிற்றாலயம் எழும்வரை ஸ்டாக்போர்ட்டின் கத்தோலிக்கர் மான்செஸ்டரைத்தான் நம்பியிருந்தார்கள். ஸ்டாக்போர்ட் செஷயரைச் சேர்ந்தது. 1850இல் அது ஷ்ரூஸ்பரி மறைமாவட்டத்துக்குப் போய்விட்டது. தாய் மிஷன் ஒரு மறைமாவட்டத்தில், கிளை இன்னொன்றில்.

ரூக் தெருவும் அதன் கிளைகளும்

மான்செஸ்டர் மிஷனை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். 1776இல் ரூக் தெருவில் ஒரு சிற்றாலயம். 1778இல், கத்தோலிக்கர் மீதான தடைகளைத் தளர்த்திய முதல் நிவாரணச் சட்டம் வந்தது. 1791இல் வந்த இரண்டாவது சட்டம்தான், பதிவு செய்யப்பட்ட இடங்களில் கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பூசை நடத்தலாம் என்றது. மூன்றாண்டு கழித்து, 1794இல், மல்பெரி தெருவில் புனித மரியாள் ஆலயம் எழுந்தது. 1820இல் கிரான்பி ரோவில் புனித அகுஸ்தினார், 1832இல் லிவ்சி தெருவில் புனித பேட்ரிக், 1842இல் ஹுல்மில் புனித வில்ஃபிரிட், 1848இல் சால்ஃபோர்டில் புனித அருளப்பர். கடைசியில் சொன்னதே பின்னர் பேராலயம் ஆனது. 1778 முதல் 1820இல் இறக்கும்வரை இந்த மிஷனில் உழைத்தவர் ரோலண்ட் புரூம்ஹெட். அந்த 42 ஆண்டுகளுக்கு அவருடைய கையெழுத்தைத் தொடர்வது கோயில்களைத் தொடர்வதைவிடப் பயன்தரும்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. ரூக் தெரு ஆலயம் மூடப்பட்டபோது அதன் மிஷன் அழியவில்லை. 1847இல் சீத்தம் ஹில் சாலையில் எழுந்த புனித சாட் கோயிலுக்கு இடம்பெயர்ந்தது. பழைய ஏடுகள் அந்தப் பெயரோடு போயின. சீத்தம் ஹில் கோயிலின் சுவரில் 1847 என்று பார்த்துவிட்டு அதைத் தேடல் பட்டியலிலிருந்து நீக்குகிறவர், நகரத்தின் மிகப் பழைய கத்தோலிக்க ஏட்டையே நீக்கிவிடுகிறார். கிரான்பி ரோவின் கதை இன்னும் சிக்கல். அந்தக் கோயில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்கப்பட்டது. மிஷன் யார்க் தெருவுக்குப் போனது. அங்கே கட்டிய கோயில் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் அழிந்தது. இன்றைய கட்டடம் மூன்றாவது. அது நிற்பது மூன்றாவது இடத்தில். புனிதரின் பெயர் மட்டும் மாறவில்லை. ஊர்ப்பெயரைக் கொண்டு அட்டவணையில் தேடினால் மூன்று கோயில்களாகத் தெரிவது, புனிதரின் பெயரைக் கொண்டு தேடினால் ஒரே வரிசை.

தாய்ப்பங்கிலிருந்து கிளை பிரியும்போது தாய்ப்பங்கின் ஏட்டில் பதிவுகள் அன்றே நின்றுவிடுவதில்லை என்பது தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தெரிந்ததுதான். அங்கும் அதே கதை. புதிய கோயில் திறந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் பழக்கத்தாலோ, ஞானப்பெற்றோர் இருந்த இடத்தாலோ குழந்தைகளைப் பழைய இடத்துக்கே தூக்கிப் போனார்கள். எல்லை என்று ஒன்று சட்டத்தில் இல்லாததால் யாரும் தடுக்கவும் இல்லை. திறப்பு ஆண்டுக்குப் பின் பத்தாண்டு வரை இரண்டு ஏடுகளையும் பார்ப்பது நல்லது.

ஞானஸ்நான ஏட்டை வாசிக்கும் முறை

1585ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்துக்குள் நுழைவதே ராஜத்துரோகம். எட்மண்ட் அரோஸ்மித் 1628லும் அம்புரோஸ் பார்லோ 1641லும் லங்காஸ்டரில் கொல்லப்பட்டது இந்தக் குற்றத்துக்காகத்தான். அப்படிப்பட்ட காலத்தில் பெயர்ப்பட்டியல் என்பது குருவுக்கும் மக்களுக்கும் எதிரான சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய மிஷன் ஏடுகள் அரிதாக இருப்பதற்குக் காரணம் அசட்டை அல்ல. குருக்கள் புனைபெயர்களில் வாழ்ந்தார்கள். அரோஸ்மித்துக்கே பிராட்ஷா, ரிக்பி என்று இரண்டு. ஒரே ஊரில் அடுத்தடுத்து மூன்று குருக்கள் இருந்ததாகப் படித்தால், மூவரும் ஒருவராக இருக்கலாமா என்று முதலில் சோதிக்க வேண்டும்.

ஏடுகள் கிடைக்கும் காலத்தில் பதிவு இலத்தீனில், ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் இருக்கும்: பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், குழந்தையின் பெயர், தந்தை தாய் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் குருவின் பெயரும் ‘அப்போஸ்தலிக்க மிஷனரி’ என்பதன் சுருக்கமும். ஆங்கிலிக்கன் ஏடுகளில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும்: தாயின் பிறந்த வீட்டுப் பெயர். அதற்கு முன்னால் ‘ஓலிம்’ என்ற சொல் வரும், ‘முன்னர்’ என்று பொருள். இதைக் குடும்பப்பெயரின் பகுதியாக எண்ணிப் படியெடுத்தவர்கள் உண்டு.

அடுத்த தொல்லை பெயர்களின் வேற்றுமை உருபு. இலத்தீனில் தந்தையின் பெயர் ஆறாம் வேற்றுமையில் நிற்கும். யாகோபுஸ் என்பவரின் மகன் ‘ஃபீலியுஸ் யாகோபி’. உருபைக் கழிக்காமல் அட்டவணையில் யாகோபி என்றே ஏற்றியிருப்பார்கள். கழித்தாலும் அந்த யாகோபுஸ் ஆங்கிலத்தில் ஜேக்கப் அல்ல, பெரும்பாலும் ஜேம்ஸ். யாகப்பரும் சந்தியாகுவும் ஒருவரே, யாக்கோபு என்ற பிதாப்பிதா வேறு என்று தெரிந்த தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். குலியெல்முஸ் வில்லியம். கரோலுஸ் சார்லஸ். ஐரிஷ் பெயர்கள் இன்னும் வழுக்கும்: ஹொனோரா என்று இலத்தீனில் எழுதப்பட்டவள் தெருவில் நோரா, யெரேமியாஸ் என்பவர் வீட்டில் டார்பி. ‘ஓ’, ‘மக்’ என்ற முன்னொட்டுகள் ஒரு குழந்தைக்கு இருக்கும், அதன் தம்பிக்கு இருக்காது. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். சொன்னவருக்குப் பல சமயம் எழுத்துத் தெரியாது. முன்னொட்டு இல்லாமலும் இருந்தும் இருமுறை தேடாமல் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது.

மாதங்களை எண்ணால் எழுதும் வழக்கமும் ஏமாற்றும். ஏழு என்ற எண்ணுக்குப் பின் ‘பர்’ ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், பத்து அல்லது எக்ஸ் என்ற ரோம எழுத்து டிசம்பர். 1752க்கு முந்திய பதிவென்றால் ஆண்டும் சிக்கல்தான்: இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது, ஆகவே 1740 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1741. ஆனால் இன்றைய வட பிரான்சின் டுவேயில் 1568இல் வில்லியம் ஆலன் நிறுவிய ஆங்கிலக் கல்லூரியிலிருந்து வரும் கடிதங்களில் புதிய நாட்காட்டி. 1700க்கு முன் 10 நாள் வேறுபாடு, பின்னர் 11. ஒரு குரு டுவேயைவிட்டுப் புறப்படும் முன்பே லங்காஷயரில் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தெரிந்தால் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், அற்புதத்தை அல்ல.

‘சுப் கொந்தித்சியோனே’ என்று இருந்தால் நிபந்தனை ஞானஸ்நானம்: முன்பே பெற்றிருக்கலாம் என்ற ஐயத்தோடு கொடுத்தது. மனம் மாறி வந்த பெரியவர்களுக்கு இது வழக்கம். வயதைப் பார்க்காமல் இதைப் பிறந்த ஆண்டாக எடுத்தால் முப்பது வயதுக்காரர் குழந்தையாகிவிடுவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரு சுற்றுப்பயணத்தில் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து, பின்னால் பெரிய ஏட்டில் படியெடுப்பது உண்டு. பல மாதப் பதிவுகள் ஒரே மையில், ஒரே ஓட்டத்தில், தேதி முன்பின்னாக இருந்தால் அது படி. படியில் விடுபட்ட ஞானப்பெற்றோரும் மாறிய தேதியும் சாதாரணம்.

கலியாணம்: இரண்டு இடத்தில் தேடு

1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஹார்டுவிக் திருமணச் சட்டம், குவேக்கர்களையும் யூதர்களையும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றது. மீறி மணம் நடத்திவைக்கும் குருவுக்கு 14 ஆண்டு நாடுகடத்தல். விலக்கில் கத்தோலிக்கர் இல்லை. அதனால் 1754 முதல் 1837 ஜூன் வரை மான்செஸ்டர்க் கத்தோலிக்கரின் சட்டப்படியான கலியாணம் பெரும்பாலும் இருப்பது இன்றைய ஆங்கிலிக்கன் பேராலயமான அன்றைய கல்லூரிக் கோயிலின் ஏட்டில். பரந்த மான்செஸ்டர்ப் பங்கு முழுவதற்கும் அதுவே தாய்க்கோயில். ஜோடிகளை வரிசையாக நிறுத்தி ஒரேயடியாக முடித்துவைக்கும் இடமாகப் பேர் வாங்கியது. அந்த ஏட்டில் மணமக்கள் கத்தோலிக்கர் என்று ஒரு சொல்லும் இராது. கலியாண அறிவிப்பான ஓலை வாசித்ததும் அங்கேதான்.

கத்தோலிக்கக் குருவின் முன் தனியாக ஒரு சடங்கும் நடந்திருக்கும். சில குருக்கள் அதை எழுதினார்கள். தண்டனைக்கு அஞ்சிச் சிலர் எழுதவே இல்லை. இரண்டும் கிடைத்தால் தேதிகள் ஓரிரு நாளோ சில வாரங்களோ வேறுபடலாம். இரண்டு தேதியைப் பார்த்து இரண்டு ஜோடி என்று எண்ணிவிடக் கூடாது.

1837 ஜூலை 1 முதல் கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் திருமணத்துக்குப் பதிவுபெறலாம் என்று ஆனது. ஆனால் அரசுப் பதிவாளர் நேரில் இருக்க வேண்டும். 1898 சட்டம் வந்தபின்தான் அவர் இல்லாமல் நடத்த வழி பிறந்தது. ஆகவே இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அரசுச் சான்றிதழ் ஒரு வரிசை, மிஷனின் இலத்தீன் ஏடு இன்னொரு வரிசை. சான்றிதழில் தந்தையின் தொழில் கிடைக்கும், தாயின் பெயர் கிடைக்காது. இலத்தீன் ஏட்டில் தாயின் பெயரும், சில இடங்களில் அயர்லாந்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவர் என்பதும் கிடைக்கக்கூடும். ஐரிஷ் வம்சாவளி தேடுகிறவர்கள் சான்றிதழோடு நின்றுவிடுவது பெரிய நட்டம்.

1908 ஏப்ரல் 19, உயிர்ப்பு ஞாயிறு முதல் இன்னொரு வழி திறக்கிறது. அன்று நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, மணம் முடித்துவைக்கும் குரு அந்தச் செய்தியை மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் யாரை, எங்கே, எப்போது மணந்தார் என்று குறிக்க வேண்டும். 1885இல் ஞானஸ்நானம் பெற்றவர் 1910இல் வேறு ஊரில் மணந்தாலும் பழைய பக்கத்தின் ஓரத்தில் செய்தி இருக்கும். இணையப் படியெடுப்புகளில் இந்த ஓரக்குறிப்புகள் விடுபடுவது உண்டு. மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குவதே வழி.

சாவு ஏடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் அடக்கத்தை அல்ல, இறந்த நாளையும் அவஸ்தைப்பூசுதல் பெற்றாரா என்பதையும் சொல்லும். உடல் ஆங்கிலிக்கன் மயானத்தில் இருக்கலாம். மாஸ்டனில் புனித சூசையப்பர் கல்லறைத் தோட்டம் 1875இல் திறந்தபின் தேடல் எளிதாகிறது.

எண்ணிக்கைகளை எப்படி நம்புவது

மிஷனுக்கு வெளியே இருந்து எடுத்த கணக்குகளும் உண்டு. 1767இல் பிரபுக்கள் சபை கேட்டதற்காக ஆங்கிலிக்கன் ஆயர்கள் தங்கள் பகுதிக் ‘பாப்பிஸ்டு’களை, அதாவது கத்தோலிக்கரை, கணக்கெடுத்தார்கள். வயது, பால், தொழில், அந்த ஊரில் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்ற விவரம் கிடைக்கும். முழுப்பெயர் பொதுவாகக் கிடைக்காது. மான்செஸ்டர் அப்போது செஸ்டர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தில் இருந்தது, அங்கேதான் பார்க்க வேண்டும். தொழிலையும் வயதையும் மிஷன் ஏட்டோடு பொருத்தி ஒரு குடும்பத்தை அடையாளம் காண முடியும்; சற்றுப் பொறுமை வேண்டும்.

1851 மார்ச் 30, ஞாயிறன்று எடுத்த வழிபாட்டுக் கணக்கை வாசிப்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் கத்தோலிக்க வழிபாட்டிடங்கள் 570, இருக்கைகள் 1,86,111. காலை வருகை 2,52,783, பிற்பகல் 53,967, மாலை 76,880. இருக்கையைவிடக் காலை வருகை அதிகமாக இருப்பது கணக்குப் பிழை அல்ல. மற்ற சபைகளுக்குக் காலையில் ஒரு வழிபாடு. கத்தோலிக்கருக்கு நகரங்களில் மூன்று நான்கு பூசை. எல்லாம் ஒரே கட்டத்தில் கூட்டப்பட்டது. பிற்பகலும் மாலையும் வந்தவர்களில் பலர் காலையில் வந்தவர்களே. மூன்றையும் கூட்டி 3,83,630 கத்தோலிக்கர் என்று எழுதினால் தவறு. காலை எண்ணிக்கையை மட்டும் எடுத்து அவ்வளவுதான் கத்தோலிக்கர் என்றாலும் தவறு. பூசைக்கு வராத ஐரிஷ் ஏழைகள் அதில் இல்லை. பாஸ்கா கடமைக் கணக்கையும் (உயிர்ப்புக் காலத்தில் நற்கருணை பெற்றவர்களின் எண்ணிக்கை) ஞானஸ்நான எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு மிஷனின் அளவு பிடிபடும்.

யாருடைய காகிதம்?

மிஷன்களில் சில மறைமாவட்டக் குருக்களிடம், சில துறவற சபைகளிடம் இருந்தன. ஆயருக்கும் சபைகளுக்கும் இடையிலான தகராறு சால்ஃபோர்டில் முற்றியது. 1872இல் ஆயரான ஹெர்பர்ட் வான் இசைவு தராமலிருந்தும் 1875இல் இயேசு சபையார் மான்செஸ்டரில் ஒரு பள்ளியைத் திறந்தார்கள், பிறகு விலக்கிக்கொண்டார்கள். (வான் 1866இல் மில் ஹில்லில் தொடங்கிய மறைபரப்புச் சபையின் குருக்கள் அதே 1875இல்தான் சென்னை விகாரியத்தின் தெலுங்குப் பகுதிக்கு வந்தார்கள்.) வழக்கு ரோமாபுரிக்குப் போய், 1881 மே 8 அன்று பதின்மூன்றாம் சிங்கராயரின் ஆணையில் முடிந்தது. மிஷனுக்கென்று கொடுத்த காசுக்கு ஆயரிடம் கணக்குக் காட்ட வேண்டும். சபைக்கென்று கொடுத்ததற்கு வேண்டியதில்லை.

ஆவணம் தேடுகிறவருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு வழிகாட்டி. இயேசு சபை நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு சாலை திருநாமக் கோயில் போன்ற இடங்களில் ஞானஸ்நான ஏடு மிஷனின் சொத்து. குருக்களின் இடமாற்றம், வீட்டுக் கணக்கு, மேலாளருக்கு எழுதிய கடிதம் எல்லாம் சபையின் காப்பகத்தில். மறைமாவட்டக் காப்பகத்தில் அவை இல்லை என்பதால் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. பிந்திய ஏடுகள் பல இன்னும் கோயில்களிலேயே உள்ளன; பழையவற்றில் பல மூலமாகவோ நுண்படமாகவோ பிரெஸ்டனில் லங்காஷயர் ஆவணக் காப்பகத்திலும் மான்செஸ்டர் மத்திய நூலகத்திலும் பார்க்கக் கிடைக்கும். 1837இல் அரசு ஆணையம் கேட்டபோது கத்தோலிக்கர் பெரும்பாலும் ஏடுகளைக் கொடுக்க மறுத்தார்கள். கொடுத்தவற்றில் பெரும்பகுதி யார்க்‌ஷயர், டர்ஹம், நார்தம்பர்லாந்து மிஷன்களுடையது. அப்படி ஒப்படைத்த ஏடுகள் இருக்கும் தேசியக் காப்பகத்தின் ஆர்ஜி 4 வரிசையில் தேடி மான்செஸ்டர் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

ஏழைகளின் தடம் மிஷன் ஏட்டைவிட்டு அரசு ஏட்டுக்குள் போய்விடுவது உண்டு. அனாதைக் கத்தோலிக்கக் குழந்தைகள் ஏழைகள் விடுதியில் ஆங்கிலிக்கனாக வளர்க்கப்படுகிறார்கள் என்ற குமுறலின் பின்னணியில், 1868 சட்டம் ஒவ்வொரு விடுதியிலும் சமயப் பதிவேடு கட்டாயம் என்றது. சேர்ந்த நாள், பெயர், சமயம், அதைச் சொன்னவர் யார், எங்கிருந்து வந்தார் என்ற விவரம் அதில் இருக்கும். ‘சொன்னவர் யார்’ என்ற கட்டம்தான் முக்கியம்: அங்கே ஒரு அத்தையோ பக்கத்து வீட்டுக்காரியோ குருவோ அகப்படுவார்கள். வான் 1886இல் மறைமாவட்டக் குழந்தைகள் மீட்புச் சங்கத்தைத் தொடங்கினார். அது ஏற்றுக்கொண்ட குழந்தைகளில் பலர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி ஒரு பெயர் 1891 கணக்கெடுப்புக்குப் பின் லங்காஷயரில் காணாமற்போனால், அடுத்துப் பார்க்க வேண்டியது சாவு ஏடு அல்ல, லிவர்பூலிலிருந்து புறப்பட்ட கப்பலின் பயணிகள் பட்டியல்.